களியக்காவிளை தாண்டி உலகம்: ஒரு குமரி மாவட்டப் பயணக் குறிப்பு

திங்கள், நாகர்கோவில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் விமான நிலையம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இதில் விசித்திரம் எதுவும் இல்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு எல்லாம் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின் கீழ்தான் இருந்தன. அந்த நகரத்து ஓடுபாதைக்கு 1932-லேயே விதை போட்டுவிட்டார்கள். தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன, ஓடுபாதை அங்கேயே நின்றுவிட்டது. 1991-ல் அது சர்வதேச விமான நிலையம் ஆனது. 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமம் நடத்துகிறது.

நாகர்கோவிலிலிருந்து அங்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து 90. மற்ற வாய்ப்புகளையும் பார்த்துவிடுவோம். தூத்துக்குடி வாகைக்குளம் நிலையத்தில் ஓடுபாதையை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போக அது நல்ல வழிதான். தோவாளை, ஆரல்வாய்மொழிக்காரர்கள் திருநெல்வேலி வழியாக நான்குவழிச் சாலையில் அலுங்காமல் போய்விடலாம். வெளிநாட்டுக்கு நேரடி விமானம் வேண்டுமென்றால் உதவாது. மதுரை 240 கிலோமீட்டர், கொச்சி அதற்கும் மேல்.

"தமிழ்நாட்டுக்காரன் ஏன் மதுரைக்குப் போகக் கூடாது?" என்று தேர்தல் சமயத்தில் ஒரு கேள்வி வரும். பதில் வான்வழி ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவில் நினைத்த ஊரில் இறங்க முடியாது. இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் அந்த ஊரின் பெயர் இருக்க வேண்டும், வாரத்துக்கு இத்தனை இருக்கை என்ற உச்சவரம்புக்குள்ளும் வர வேண்டும். துபாயோடு உள்ள ஒப்பந்தத்தில் ஒவ்வொரு தரப்புக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 66,000 இருக்கை. அந்தப் பட்டியலில் திருவனந்தபுரம் உண்டு, மதுரை இல்லை. அதனால் எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் விரும்பினாலும் மதுரைக்கு வர முடியாது. இந்திய நிறுவனங்கள் மட்டும் அங்கிருந்து துபாய்க்குப் பறக்கலாம். அவற்றின் டிக்கெட் பெரும்பாலும் துபாயோடு முடிந்துவிடும். லண்டன், டொரன்டோ, சிட்னி என்று அதே டிக்கெட்டில் தொடரும் வசதி திருவனந்தபுரத்தில்தான் இந்த மாவட்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. திருவனந்தபுரத்தில் விமான நிலையம் பயணியிடம் வாங்கும் பயனர் கட்டணம் அதிகம். 2024 ஜூலையில் உயர்த்தியபோது, வெளிநாட்டுக்குப் புறப்படும் பயணிக்கு 1,540 ரூபாய், வந்திறங்குபவருக்கு 660 ரூபாய் என்று வைத்தார்கள். பிறகும் ஆண்டுதோறும் ஏறும்படிதான் அனுமதி. டிக்கெட் விலைக்குள்ளேயே இது அடக்கம். இதை மிச்சம் பிடிக்கக் கொச்சிக்கு டாக்ஸி பிடிப்பது வீண் வேலை. நாலு பேர் சேர்ந்து போகும்போது ஆளுக்கு ஐயாயிரம் வித்தியாசம் வந்தால் மட்டும் கணக்குப் போடுங்கள்.

செவ்வாய், தோவாளை

பயணிகளைப் பற்றி எழுதும் முன் பெட்டிக்குள் போகும் பூவைப் பார்த்துவிடலாம். நேரத்தைப் பற்றி விமான நிலையம் என்ன நினைக்கிறது என்று இதைப் பார்த்தால்தான் புரியும்.

தோவாளைச் சந்தை விடியுமுன் சூடு பிடித்துவிடும். பிச்சியும் மல்லியும் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களிலிருந்து வருகின்றன. ரோஜாவும் கேந்தியும் மதுரை, திண்டுக்கல், ஓசூர்ப் பக்கங்களிலிருந்து லாரியில் வருகின்றன. பெரும்பகுதி கேரளத்துக்குச் சாலை வழியாகவே போய்விடும். ஒரு பங்குதான் விமானம் ஏறும்.

ஏற்றுமதிக்கு எடுக்கும் மல்லி மொட்டாக, இறுக்கமாக இருக்க வேண்டும். வாய் திறந்த பூ மறுநாள் பழுத்துவிடும். மொட்டை ஈரம் வடியவிட்டு, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, ஜெல் ஐஸ் பொட்டலத்தைத் தாளில் சுற்றி ஓரத்தில் வைக்கிறார்கள். ஐஸ் நேராகப் பட்ட இடத்தில் பூ கறுத்துப்போகும். அதனால்தான் தாள்.

புதிதாக இறங்குபவர்கள் அடிவாங்கும் இடம் எடைக் கணக்கு. விமானச் சரக்கில் உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். 60 × 40 × 40 பெட்டி என்றால் 96,000. வகுத்தால் 16 கிலோ. அதற்குள் எட்டு கிலோ மொட்டுதான் பிடிக்கிறது என்றால், எட்டு கிலோ காற்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். பெட்டி உயரத்தைக் குறைத்து, மொட்டு நசுங்காத அளவுக்கு நிறைத்து அனுப்புபவருக்குத்தான் லாபம் நிற்கும்.

அடுத்த தடங்கல் விமானத்தின் வயிற்றில். திருவனந்தபுரத்திலிருந்து போகும் விமானங்களில் பெரும்பாலானவை ஒற்றை நடைபாதை கொண்ட ஏர்பஸ் 320, போயிங் 737 ரகம். பயணிகளின் பெட்டி போக மிஞ்சும் இடம்தான் சரக்குக்கு. ஓணம் முடிந்து திரும்பும் கூட்டத்திலும், கிறிஸ்துமஸ் லீவு முடிந்த ஜனவரி முதல் வாரத்திலும் ஆளுக்கு 30 கிலோ பெட்டி நிரம்பி வழியும். அப்போது சரக்கை அடுத்த விமானத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மரச்சாமான் ஒரு நாள் காத்திருக்கும், பிச்சிப்பூ காத்திருக்காது. அந்த வாரங்களில் இரண்டு நடைபாதை கொண்ட அகன்ற உடல் விமானத்தில் இடம் கிடைக்குமா என்று முகவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

கடலோரத்திலிருந்து போகும் மீனுக்கு வேறு தலைவலி. பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் விமானத்தின் அலுமினியத்தை அரிக்கும். ஆகவே உள்ளே தடித்த பாலித்தீன் உறை, அடியில் தண்ணீர் உறிஞ்சும் விரிப்பு, வெளியே நாடாவால் ஒட்டிய மூடி எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு பெட்டி கசிந்தால் அந்த லாட் முழுவதும் இறங்கும்.

பூவுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று, சுங்கப் பில், எக்ஸ்ரே சோதனை, ஏர்வே பில் என்ற சரக்குச் சீட்டு எல்லாம் முடிந்து, விமானம் புறப்படச் சில மணி நேரம் முன்பே சரக்கு முனையத்துக்குள் போயிருக்க வேண்டும். மாநில எல்லை ஊரான களியக்காவிளையில் மாட்டிக்கொண்ட வேனுக்காக விமானம் நிற்காது.

புதன், மார்த்தாண்டம்

டிக்கெட் வாங்கும் இடத்தில் செய்யும் தவறை விமான நிலையத்தில் திருத்த முடியாது. முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், இருக்கிறதா என்பதை மட்டும் விடாமல் கேளுங்கள்.

திருவனந்தபுரம்–துபாய்–மான்செஸ்டர் ஒரே டிக்கெட் என்றால் பெட்டி நேராக மான்செஸ்டர் போகும். துபாயில் எமிகிரேஷன் கிடையாது, விசா தேவையில்லை. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது போய்விட்டால், அடுத்ததில் இடம் போடுவது நிறுவனத்தின் பொறுப்பு. இதையே மலிவாக வருகிறது என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கினால் கதையே வேறு. துபாயில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும், அதற்கு அமீரக விசா வேண்டும். விசா இல்லையென்றால் திருவனந்தபுரம் கவுண்டரிலேயே ஏற்ற மாட்டார்கள். வெளியே வந்தாலும் மலிவு விமானங்கள் பல இறங்கும் டெர்மினல் 2, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இரண்டாவது விமானம் தவறினால் புது டிக்கெட் உங்கள் காசு. இந்த முறையில் போகத்தான் வேண்டும் என்றால் நடுவில் எட்டு மணி நேரமாவது விடுங்கள். அதற்கும் குறைவாக விட்டு வாங்கச் சொல்லும் ஏஜென்சியை நம்பாதீர்கள்.

டெல்லி, மும்பை வழியாகப் போகலாமா? போகலாம். திரும்பும்போது தெரியும் சங்கடம்: வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் எமிகிரேஷனும் சுங்கமும். நள்ளிரவில் மும்பையில் பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி போட்டுவிட்டு உள்நாட்டு விமானம் பிடிக்க வேண்டும். சின்னக் குழந்தையோடும் வயதான அம்மாவோடும் வருபவர்களுக்கு வளைகுடா வழியோ, கொழும்பு, சிங்கப்பூர் வழியோ நிம்மதி. அமெரிக்கா போகிறவர்கள் இதையே எதிர்த்திசையில் சந்திப்பார்கள். டிக்கெட் டல்லஸ் வரை இருந்தாலும், அந்நாட்டில் முதலில் இறங்கும் நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும்.

இனி பாஸ்போர்ட். குமரி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அப்படி எதுவும் அச்சடிக்கவில்லை என்றால் அது தேவைப்படாத வகை. அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலை விசாவில் போகும் ஈ.சி.ஆர். காரர்கள் இ-மைகிரேட் என்ற அரசு இணையதளம் வழியாகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் உண்டு: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், விபத்து மரணத்துக்கு 10 லட்சம். இவ்வளவு குறைந்த பணத்துக்கு இவ்வளவு உதவும் காகிதம் வேறு கிடையாது. தூத்தூர், இனயம், குளச்சல் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் இதன் நகலைக் கண்டிப்பாக வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும்.

விசிட் விசாவில் ஏற்றி அனுப்பி அங்கே மாற்றித் தருவதாகச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். எமிகிரேஷன் மேசையில் "எதுக்குப் போறீங்க, எங்கே தங்குவீங்க, திரும்பற டிக்கெட் எங்கே?" என்று மூன்று கேள்வியில் விஷயம் வெளியே வரும். சந்தேகம் வந்தால் ஆஃப்லோடு, அதாவது விமானம் ஏறவிட மாட்டார்கள். டிக்கெட் பணம் போனது போனதுதான்.

பெட்டி கட்டும் விஷயம். ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் இருந்தால், கூடுதல் பணம் கட்டினாலும் எடுக்க மாட்டார்கள். தூக்குபவரின் முதுகுக்காக வைத்த விதி அது. கைப்பை பெரும்பாலான நிறுவனங்களில் 7 கிலோ. பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-ஹவர் வரை. கொப்பரைத் தேங்காய் எதிலும் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று தடுத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெயும் மாங்காய் ஊறுகாயும் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும், மூடியை நாடாவால் சுற்றிய பிறகு. மட்டிப்பழம் சீப்பைத் துணிக்கு நடுவில் வைத்தால் துபாய் போகுமுன் துணிக்கும் மணம் வந்துவிடும். அட்டைப்பெட்டியில் தனியாக வையுங்கள்.

கசகசாவை எந்த வளைகுடா நாட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள். குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் அது அங்கே போதைப்பொருள் கணக்கில்தான் வரும். வெற்றிலையும் அமீரகத்தில் தடை. டிரமடால், கோடீன் கலந்த மாத்திரை என்றால் முன்அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டு இருந்தால் மட்டும் போதாது. பக்கத்து வீட்டுக்காரர் மகனுக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் பெட்டியில் வைக்க வேண்டாம். சங்கோஜப்பட்டால் சிறைக்குப் போவது நீங்கள்.

வியாழன், சாலை

துபாய் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். அதில் நிச்சயமின்மை குறைவு. நாகர்கோவிலிலிருந்து, விமான நிலையம் இருக்கும் சாக்கை வரை உள்ள 70 கிலோமீட்டரில்தான் எல்லாமே நிச்சயமின்மை. இரவில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் சாலை, பகலில் இரண்டரை மணி நேரம் கேட்கும்.

பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை: தேசிய நெடுஞ்சாலை 66-ன் பழைய பாதை இது. ஊர் முடிந்து ஊர் தொடங்கும் இடைவெளியே கிடையாது. நான்குவழிச் சாலை வேலை பல ஆண்டாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மார்த்தாண்டத்தில் மேம்பாலம் திறந்திருந்தால் சந்தை நெரிசல் காலுக்குக் கீழே போய்விடும், பராமரிப்புக்காக மூடியிருந்தால் அரை மணி நேரம் காலி. களியக்காவிளையிலிருந்து இரண்டு வழி. பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்குள் நுழையும் பழைய சாலை ஒன்று. காரோடு என்ற ஊருக்குப் போய்க் கழக்கூட்டம் பைபாஸ் பிடிப்பது இன்னொன்று. கான்கிரீட் சாலை, கோவளம் சந்திப்பு, திருவல்லம் சுங்கச்சாவடி, ஈஞ்சக்கல், பிறகு சாக்கை. இரண்டாவதையே எடுங்கள். சர்வதேச முனையத்தின் வாசல் அந்தப் பைபாஸை ஒட்டியே இருக்கிறது.

வாடகை வண்டி என்றால், கேரளத்துக்குள் நுழையும் பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்கிறதா என்று முன்தினமே கேளுங்கள். எல்லையில் நிறுத்தினால் ஓட்டுநருக்கு அபராதம், உங்களுக்கு நேரம்.

வடசேரி கிறிஸ்டோபர் பேருந்து நிலையத்திலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு இரண்டு மாநிலப் பேருந்தும் உண்டு. ஒரு பெட்டியோடு தனியாகப் போகிறவருக்கு அதுவே போதும். தம்பானூரிலிருந்து ப்ரீபெய்டு ஆட்டோ. ரயில், நாகர்கோவில் சந்திப்பிலிருந்து இரணியல், குழித்துறை வழியாக 71 கிலோமீட்டர். கட்டணம் அற்பம். ஆனால் இரட்டைப் பாதை முடியாத பகுதிகளில் எதிரில் வரும் ரயிலுக்காக நிறுத்திவைப்பார்கள். ரயிலில் போவதென்றால், சரியாக இருக்கும் ரயிலுக்கு ஒன்று முந்தையதைப் பிடியுங்கள்.

இனி நாட்காட்டி. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். நிலையம் வருவதற்கு முன்பிருந்த பாதை அது. அன்று மாலை சுமார் ஐந்து மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும், விமான நேரத்தை மாற்றிவிடுவார்கள். மாற்றிய நேரம் உங்கள் ஏஜென்சியின் கைப்பேசிக்குப் போய் அங்கேயே தூங்குவதுதான் நடக்கும். டிக்கெட்டில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். ஆற்றுக்கால் பொங்கல் அன்று கிலோமீட்டர் கணக்கில் தெருவெல்லாம் அடுப்பு. நகரத்துக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போக வேண்டும். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்தால், விமான நிலைய வண்டிகளை வழக்கமாக விட்டுவிடுவார்கள். டிக்கெட் நகலைக் கண்ணாடியில் ஒட்டி, விடியுமுன் எல்லை தாண்டிவிடுவது புத்திசாலித்தனம்.

வெள்ளி அதிகாலை, சாக்கை

இரண்டு முனையம், ஓடுபாதைக்கு இரு பக்கம். சங்குமுகம் கடற்கரைப் பக்கம் டெர்மினல் 1, சாக்கைப் பக்கம் டெர்மினல் 2. உள்ளே குறுக்கு வழி இல்லை. சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். உள்நாடு ஒன்றில், வெளிநாடு இரண்டில் என்று பழைய வாய்ப்பாடு. சில நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்தையும் இரண்டாவதிலிருந்து இயக்குவதால் அது இப்போது முழுசாகச் செல்லாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

கவுண்டர் பொதுவாக மூன்று மணி நேரம் முன்பு திறந்து, ஒரு மணி நேரம் முன்பு மூடும். மூடினால் மூடியதுதான். முனைய வாசலில் எந்த நேரம் போனாலும் ஒரு குடும்பம் தரையில் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும். தூக்குத் தராசு 31.5 என்று காட்டியது, கவுண்டர் தராசு 33 என்கிறது. வெளியே வருவது எப்போதும் புட்டுப்பொடியும் சிப்ஸ் பொட்டலமும். போர்வையை யாரும் எடுப்பதில்லை. வீட்டிலேயே ஒன்றரைக் கிலோ குறைவாகக் கட்டினால் இந்தக் காட்சி வேண்டாம்.

பெட்டியில் ஒட்டும் நாடாவைக் கண்ணால் படியுங்கள். பெரிய எழுத்தில் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி இருக்கும். லண்டன் ஹீத்ரோ போகிறவர் நாடாவில் எல்.எச்.ஆர். என்றும், வழியில் துபாய்க்கு டி.எக்ஸ்.பி. என்றும் இருக்க வேண்டும். துபாயோடு முடிந்திருந்தால் அங்கேயே கேளுங்கள். போர்டிங் பாஸும் இரண்டு வர வேண்டும்.

அடிக்கடி பறப்பவர்களுக்கு எமிகிரேஷனில் விரைவு வழி 2025 செப்டம்பரில் இங்கும் வந்தது. இணையத்தில் பதிந்து, கைரேகையும் முகமும் கொடுத்துவைத்தால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம். கடற்கரையை ஒட்டிய இந்த ஓடுபாதைக்கு எதிர்பாராத விருந்தாளிகளும் உண்டு. 2025 ஜூன் 14 அன்று இறங்கிய பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 போர் விமானம் பழுதாகி ஜூலை 22 வரை இங்கேயே நின்றது. கேரளமே அதை வைத்து மீம் போட்டது.

சனி, துபாய்

குமரியிலிருந்து நள்ளிரவில் வண்டி ஏற வேண்டியிருப்பதற்குக் காரணம் துபாயில் இருக்கிறது.

ஐம்பது ஊர்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 1,225 வழித்தடம் வேண்டும். நடுவில் ஒரு நிலையத்தை வைத்தால் ஐம்பது போதும். திருவனந்தபுரத்திலிருந்து ஒஸ்லோவுக்கு ஒரு நாளில் ஐந்து பேர் போவார்களா? அவர்களுக்காக ஒரு விமானம் ஓடாது. ஆனால் கொழும்பு, டாக்கா, கொச்சி, கராச்சி எல்லாவற்றிலிருந்தும் ஐந்தைந்து பேரைத் துபாயில் கூட்டினால் ஒரு விமானம் நிரம்பும். இது நடக்க, கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் எல்லாம் சில மணி நேரத்துக்குள் வந்து இறங்க வேண்டும். பிறகு மேற்கே போகும் விமானங்கள் எல்லாம் சில மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். இதை அலை என்கிறார்கள். ஐரோப்பாவுக்கான காலை அலையைப் பிடிக்க வேண்டும் என்றால், நேர வித்தியாசம் ஒன்றரை மணியைக் கழித்தாலும், திருவனந்தபுரத்திலிருந்து அதிகாலையிலேயே கிளம்பியாக வேண்டும். அதற்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், நாகர்கோவிலில் நள்ளிரவு.

1960-ல் மணலை இறுக்கிப் போட்ட ஓடுபாதையோடு தொடங்கிய நிலையம் இது. 1985 அக்டோபர் 25-ல் எமிரேட்ஸின் முதல் விமானம் கராச்சிக்குப் போனது. 2008-ல் டெர்மினல் 3. 2024-ல் 9 கோடியே 23 லட்சம் பயணிகள். இத்தனைக்கும் இரண்டே ஓடுபாதை, அவற்றுக்கு நடுவில் 385 மீட்டர்தான். ஒன்றைப் பார்க்காமல் மற்றொன்றைச் சுதந்திரமாக இயக்க முடியாது. அதனால் இங்கே வளர இடமில்லை. 12,800 கோடி திர்ஹாம் செலவில் ஐந்து ஓடுபாதையோடு அல் மக்தூம் நிலையத்தை விரிக்கும் திட்டத்தை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் அங்கே போகும்.

இணைப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஒவ்வொரு நிலையமும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் வைத்திருக்கிறது, அதற்குக் குறைவாக ஒரே டிக்கெட்டில் விற்க மாட்டார்கள். அந்தக் குறைந்தபட்சம் வேகமாக நடக்கும் ஆளுக்கானது. இறங்கியதும் மறுபடி பாதுகாப்புச் சோதனை உண்டு. டெர்மினல் 3-ல் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு, ஏ பிரிவுக்கு ரயிலில் போக வேண்டும். முதல் தடவை போகும் பெற்றோருக்கு மூன்று மணி நேரம் இருக்கிற இணைப்பையே வாங்குங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவையுங்கள். நடக்க முடிந்தாலும் மொழி தெரியாதவர்களுக்கு அது வழிகாட்டி.

செவ்வாய்க்கிழமை பார்த்த பூப்பெட்டி கெடும் இடமும் இதுதான். ஜூன், ஜூலையில் துபாயில் தரைவெப்பம் 40 டிகிரிக்கு மேல். ஒரு விமானத்திலிருந்து மறு விமானத்துக்குத் திறந்த தள்ளுவண்டியில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் மல்லி வெந்துபோகும். குளிரூட்டிய வண்டி வேண்டும் என்று ஏர்வே பில்லிலேயே எழுதிக் கேட்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

ஞாயிறு, திரும்பும் வழி

வந்திறங்கும்போது நகை விஷயம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புபவருக்குத்தான் வரியில்லா நகைச் சலுகை: பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம். நகை என்றால் நகை. பிஸ்கட்டும் காசும் அதில் சேராது. அதற்கு மேல் கொண்டுவந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டுங்கள். ஊரிலிருந்து போட்டுக்கொண்டு போன நகையையே திரும்பக் கொண்டுவருகிறீர்கள் என்றால், போகும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கியிருந்தால் வாக்குவாதம் இல்லை.

சிலர் வரும் வழி வேறு. வளைகுடாவில் இறந்தவர்களின் உடல் சரக்கு முனையம் வழியாகத்தான் வரும், பயணிகள் வாசலில் காத்திருந்து பயனில்லை. அங்கத்திய இறப்புச் சான்று, உடலைப் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் ஆகியவை கூட வர வேண்டும். விமான நிலையச் சுகாதார அதிகாரியின் ஒப்புதலுக்குப் பிறகே கையில் தருவார்கள். பெற்றுக்கொள்ளும் உறவினர் அசல் அடையாள அட்டையோடு போக வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒரெழுத்து மாறினாலும் தாமதம் ஆகும் என்பதால், நகல்களை வாட்ஸ்அப்பில் வாங்கி முன்பே ஒத்துப்பாருங்கள். வண்டியை எல்லை தாண்டும் அனுமதியோடு நாகர்கோவிலிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

பெட்டி வரவில்லை என்றால், பெட்டிகள் சுற்றிவரும் வளையத்தை விட்டு வெளியே போகாதீர்கள். நிறுவனத்தின் மேசையில் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். உடைந்திருந்தால் கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். தாமதமாக வந்தால் கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். பின்னால் வரும் பெட்டிக்கும் சுங்கம் உண்டு. பூட்டியிருந்தால் சாவியோ, திறந்து பார்க்கச் சம்மதக் கடிதமோ கேட்பார்கள். முகவரியில் வீட்டுப்பெயரோடு ஊர், அஞ்சல் குறியீட்டு எண், பக்கத்துப் பேருந்து நிறுத்தம் வரை எழுதுங்கள். கொண்டுவருபவர் திருவனந்தபுரத்துக்காரர், அவருக்குக் கருங்கல்லும் கருங்குளமும் ஒன்றுதான். கைப்பேசி எண் இரண்டு கொடுங்கள், இரண்டும் இந்திய எண்ணாக. கல்ஃப் எண்ணை மட்டும் கொடுத்தவர்களின் பெட்டிதான் களியக்காவிளை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது.